ட்ரோக்பா போரை நிறுத்தவில்லை

2005 அக்டோபர் 8ஆம் தேதி சூடானின் ஓம்துர்மான் நகரில் ஐவரி கோஸ்ட் கால்பந்து அணி சூடானை 3-1 என்று வென்றது. அதே நாளில் கேமரூனின் யாவுண்டே நகரில், எகிப்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கேமரூன் வீரர் பியேர் வொமே ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். அந்த ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. இரண்டு முடிவுகளும் சேர்ந்து ஐவரி கோஸ்ட்டை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அனுப்பின. ஓம்துர்மானில் வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்தது. 27 வயது டிடியர் ட்ரோக்பா மைக்கைக் கையில் வாங்கினார். தோழர்கள் தோளோடு தோள் சேர்ந்து சூழ்ந்து நின்றார்கள். வடக்கு, தெற்கு, நடுப்பகுதி, மேற்கு என்று நாட்டின் எல்லாத் திசை மக்களையும் விளித்து, ஒருவரையொருவர் மன்னிக்கும்படியும் ஆயுதங்களைக் கீழே வைக்கும்படியும் தேர்தல் நடத்தும்படியும் அவர் கேட்டார். அணி முழுவதும் மண்டியிட்டது. பேச்சு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தின் மேல் ஒரு பெரும் கதை எழுப்பப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக நடந்த உள்நாட்டுப் போர் ஒரு கால்பந்து வீரரின் வேண்டுகோளால் ஒரே வாரத்தில் நின்றது என்பது அந்தக் கதை. விளையாட்டுப் பக்கங்களிலும் காணொளிகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் அது கேள்வியின்றிச் சொல்லப்படுகிறது.

இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நம்புகிறவர்களிடம் மூன்று சான்றுகள் இருக்கின்றன. அந்தப் பேச்சு உண்மையாகவே நிகழ்ந்தது. நாட்டுத் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. இரண்டாவதாக, 2007 ஜூன் 3 அன்று கிளர்ச்சியாளர்களின் தலைநகரான புவாக்கேயில் ஐவரி கோஸ்ட் அணி மடகாஸ்கரை 5-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தை அங்கே நடத்தவேண்டும் என்று முன்னின்று கேட்டவர் ட்ரோக்பா. அரசுப் படையினரும் கிளர்ச்சிப் படையினரும் ஒரே அரங்கில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். மூன்றாவதாக, அந்த ஆண்டிலேயே நாட்டைப் பிரித்திருந்த இடைவெளி மண்டலம் கலைக்கப்பட்டது. இம்மூன்றும் நடந்தவை. இவற்றைக் கோத்து ‘ட்ரோக்பா போரை நிறுத்தினார்’ என்று முடிவு கட்டுவதுதான் தவறு. அது ஆறு இடங்களில் தவறுகிறது.

1. காலக்கணக்கு பொருந்தவில்லை

நிறுத்துவதற்கு ஒரு போர் முதலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐவரி கோஸ்ட்டின் போர் 2002 செப்டம்பர் 19 அன்று படைவீரர் கலகமாக வெடித்தது. ஓம்துர்மான் ஆட்டத்துக்கும் அதற்கும் இடையே இருந்தது மூன்று ஆண்டுகள்தான், ஐந்து அல்ல. கலகக்காரர்கள் அபிஜானில் தோற்றார்கள். புவாக்கேயையும் வடக்கே கொரோகோவையும் பிடித்தார்கள். முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரொபேர் கெய் அன்றே அபிஜானில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படை நடுவில் நின்றது, நாடு இரண்டாக வெட்டப்பட்டது. 2003 ஜனவரியில் பாரிசுக்கு அருகே லினா-மார்கூசியில் முதல் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில் இரு படைகளும் போர் முடிந்ததாகக் கூட்டாக அறிவித்தன. 2004 நவம்பரில் அரசு விமானப்படை புவாக்கேயைக் குண்டுவீசித் தாக்கியபோது அமைதி உடைந்தது. ஒன்பது பிரெஞ்சு வீரர்களும் ஓர் அமெரிக்க உதவிப் பணியாளரும் இறந்தார்கள். பிரான்ஸ் பதிலடியாக ஐவரி கோஸ்ட்டின் போர் விமானங்களை அழித்தது. 2005 ஏப்ரலில், தென்னாப்பிரிக்க அதிபர் தபோ உம்பெக்கியின் முன்னிலையில் பிரிட்டோரியாவில் எல்லாத் தரப்பினரும் மோதல்களை முடித்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டார்கள்.

ட்ரோக்பா மண்டியிட்டது இதற்கு ஆறு மாதம் கழித்து. அப்போது நாடு இருந்த நிலையை அந்நாட்டு மக்கள் ‘போருமில்லை, சமாதானமுமில்லை’ என்று சொல்லிவந்தார்கள். போர்முனைகளில் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன. ஓயாமல் இருந்தவை பிளவும் சோதனைச் சாவடிகளும் ஆயுதக் குழுக்களும் ஒத்திப்போடப்படும் தேர்தலும்.

பேச்சுக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் கதை இன்னும் தளர்கிறது. அவர் கேட்டவற்றில் ஒன்று தேர்தல். 2005 அக்டோபர் 30 அன்று நடக்கவேண்டிய அதிபர் தேர்தல் நடக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை அக்டோபர் 21 அன்றே, தன் 1633ஆம் தீர்மானத்தின் வழியாக, அதிபர் லோரான் பாக்போவின் பதவிக்காலத்தை ஓராண்டு வரை நீட்டிக்க ஒப்புக்கொண்டிருந்தது. 2006 ஜனவரியில் பாக்போவின் ஆதரவு இளைஞர்கள் அபிஜானின் தெருக்களை அடைத்தார்கள். மேற்கே கிக்லோ நகரில் தாக்குதலுக்குள்ளான ஐ.நா. அமைதிப் படையினர் முகாமைக் காலிசெய்துகொண்டு வெளியேறினார்கள். ஆயுதக் களைவு அந்த ஆண்டு முழுவதும் தள்ளிப்போனது. உருப்படியான அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 மார்ச் 4 அன்று. ஓம்துர்மானுக்கும் அதற்கும் நடுவே பதினேழு மாதங்கள் கிடக்கின்றன. ஒரு வாரத்தில் போர் நின்றது என்று சொல்கிறவர்கள் இந்தப் பதினேழு மாதங்களை எங்கே வைப்பார்கள்?

2. ஒப்பந்தத்தை உண்டாக்கியவர்கள் வேறு

அமைதிக்குக் கணக்குகள் இருந்தன. 2006 இறுதிக்குள் ஒவ்வொரு தரப்பும் ஒரு முட்டுச் சுவரை எட்டியிருந்தது. ஐ.நா.வின் 1721ஆம் தீர்மானம், 2005 டிசம்பரில் நியமிக்கப்பட்ட பிரதமர் சார்ல் கொனான் பன்னியின் அதிகாரங்களைப் பெருக்கி, பாக்போவின் கையைச் சுருக்கப் பார்த்தது. வெளியாரின் அந்தப் பிடியிலிருந்து விடுபட, எதிரியோடு நேரடியாகப் பேசுவதே பாக்போவுக்கு வசதியான வழி. கிளர்ச்சியாளர்களின் ‘புதிய படைகள்’ அமைப்புக்குத் தலைவரான கியோம் சோரோவுக்கு அப்போது 34 வயது; முடிவில்லாத முற்றுகையைக் காட்டிலும் ஆட்சியில் பங்கு அவருக்கு லாபம். ஆயுதத் தடை 2004 நவம்பரிலிருந்தும், வைர ஏற்றுமதித் தடை 2005 டிசம்பரிலிருந்தும் இருந்தன. புர்கினா பாசோ அதிபர் பிளேஸ் கொம்பாவோரே, கிளர்ச்சியாளர்களுக்குத் துணைநின்றவர் என்று பாக்போ தரப்பு நெடுங்காலம் குற்றம் சாட்டிவந்தவர், நடுவராக அமர்ந்தார். அவருடைய தலைநகர் வாகடூகுவில் வாரக்கணக்கில் பேச்சு நடந்தது.

அங்கே கையெழுத்தானது மன்னிப்பு வேண்டும் அறிக்கை அல்ல. யார் பிரதமர், படைகளை எப்படி ஒன்றிணைப்பது, இடைவெளி மண்டலத்தை எப்போது கலைப்பது, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு நடமாடும் நீதிமன்றங்கள் எப்படி அதை வழங்குவது, வாக்காளர் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று வரிவரியாகப் பேசப்பட்ட ஆவணம் அது. சோரோ பிரதமரானார். அடுத்த மாதம் மண்டலம் கலையத் தொடங்கியது.

இந்த மனிதர்கள் அனைவரும் புகழத்தக்கவர்கள் என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. பலருடைய கைகள் சுத்தமானவை அல்ல. ஆனால் போரைத் தொடங்கியவர்களும் நடத்தியவர்களும்தான் அதை முடிக்கும் அதிகாரத்தையும் வைத்திருந்தார்கள். அந்தப் பொறுப்பை அவர்கள் தோளிலிருந்து இறக்கி ஒரு கால்பந்து வீரரின் தோளில் ஏற்றினால், நாலரை ஆண்டுகள் நாட்டை வெட்டி வைத்திருந்தவர்கள் கணக்குக் கொடுக்காமல் நழுவுகிறார்கள்.

3. புவாக்கே ஆட்டம் விளைவு, காரணமல்ல

எதிர்த்தரப்பின் சிறந்த சான்று புவாக்கே. ஆகவே அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருதைப் பெற்ற ட்ரோக்பா, அந்த விருதை எடுத்துக்கொண்டு 2007 மார்ச் இறுதியில் புவாக்கேக்குப் போனார். மடகாஸ்கருக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டம் இங்கேதான் நடக்கும் என்று அறிவித்தார். கூட்டம் அலைமோதியது. தெற்கின் பெத்தே இனத்தைச் சேர்ந்தவர் அவர். பாக்போவும் அதே இனம். கிளர்ச்சியாளர்களின் நகரத்துக்குள் அப்படி ஒருவர் சென்றது சாதாரணக் காரியமில்லை. அதில் நெஞ்சுரம் இருந்தது.

ஆனால் தேதியைப் பாருங்கள். வாகடூகு ஒப்பந்தம் மார்ச் 4. ட்ரோக்பாவின் வருகை அதே மார்ச்சின் கடைசி நாட்கள். ஆட்டம் ஜூன் 3. ஒப்பந்தம் இருந்ததால்தான் அவர் போக முடிந்தது. மண்டலம் கலையத் தொடங்கியதால்தான் அரசுப் படையினர் அந்த அரங்கில் உட்கார முடிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று தற்செயலைச் சொல்வார்கள். இங்கே பழம் விழுந்து மூன்று மாதம் கழித்து வந்து உட்கார்ந்த காக்கையைக் காட்டி, இதுதான் உதிர்த்தது என்கிறார்கள்.

ஆட்டம் அமைதியை உறுதிப்படுத்தியது என்றாவது சொல்லலாமா? அதுவும் அரைகுறை. 2007 ஜூன் 29 அன்று, ஆட்டம் முடிந்து நான்கு வாரங்கள்கூட ஆகாத நிலையில், அதே புவாக்கேயின் விமான நிலையத்தில் பிரதமர் சோரோவின் விமானத்தின் மீது ராக்கெட்டுகள் ஏவப்பட்டன; அவருடன் வந்தவர்களில் நால்வர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒப்பந்தம் சாகாமல் பிழைத்ததற்குக் காரணம், அதைக் கையெழுத்திட்ட இருவருக்கும் அது இன்னும் தேவைப்பட்டதே. ஜூலை 30 அன்று பாக்போ 2002க்குப் பிறகு முதல்முறையாகப் புவாக்கேக்கு வந்தார். ஆயுதங்களைக் குவித்து எரித்தார்கள்.

4. போர் திரும்பி வந்தது

மிகக் கனமான மறுப்பு இதுதான், அந்தக் கதையில் அறவே இடம்பெறாததும் இதுதான். ஐந்தாண்டு தாமதமாக, 2010 அக்டோபர் 31 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. நவம்பர் 28 அன்று இரண்டாம் சுற்று. வடக்கைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் அலசான் வத்தாரா 54 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலான வாக்குகளுடன் வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அரசமைப்பு மன்றம் வடக்கின் சில பகுதி வாக்குகளைச் செல்லாதவையாக்கி, பாக்போ வென்றார் என்றது. ஒரே நாட்டில் இரண்டு பேர் அதிபராகப் பதவியேற்றார்கள். அடுத்த ஐந்து மாதங்களில் ஏறக்குறைய 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். அபிஜானின் குடியிருப்புகளில் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. 2011 மார்ச் இறுதியில் மேற்கே துயேக்குவே நகரை வத்தாரா ஆதரவுப் படைகள் பிடித்தபோது, நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் கெரே இனத்தவர், கொன்று குவிக்கப்பட்டார்கள். ஏப்ரல் 11 அன்று பாக்போ கைது செய்யப்பட்டார்.

ட்ரோக்பா போரை நிறுத்தினார் என்று சொல்லிவிட்டு 2007இல் புத்தகத்தை மூடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. அவருடைய புகழ் 2005ஐவிட 2011இல் பல மடங்கு பெரியது. 2010இல் ‘டைம்’ இதழ் உலகின் செல்வாக்குமிக்க நூறு பேரில் ஒருவராக அவரைப் பட்டியலிட்டது. அதே ஆண்டு இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 29 கோல்களுடன் அதிக கோல் அடித்தவர் விருதை அவர் பெற்றிருந்தார். சிறிய புகழ் நிறுத்திய போரை அதைவிடப் பெரிய புகழ் ஏன் நிறுத்தவில்லை? அவர் குறைவாக முயன்றதால் அல்ல. அந்தப் புகழால் செய்யக்கூடியதற்கு எல்லை இருந்தது. அந்த எல்லை 2005இலும் இருந்தது.

துயேக்குவேயில் பிள்ளைகளைப் புதைத்த ஒரு தாயிடம் போய், உங்கள் நாட்டின் போரை ஒரு கால்பந்து வீரர் என்றோ நிறுத்திவிட்டார் என்று சொல்ல முடியுமா? அவளிடம் சொல்ல முடியாத ஒன்றை உலகத்துக்குச் சொல்வதில் நேர்மை இல்லை.

5. போரின் வேர் மறைகிறது

கோபத்தில் மக்கள் அடித்துக்கொண்டார்கள், அன்பானவர் ஒருவர் கெஞ்சியதும் வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். கதையின் அடியில் இருக்கும் அனுமானம் இது. ஐரோப்பியப் போர் ஒன்றை யாரும் இப்படி விளக்குவதில்லை. ஆப்பிரிக்காவில் நடந்தால் மட்டும் அது அறிவுக்கு எட்டாத ஆவேசமாகிவிடுகிறது. ஐவரி கோஸ்ட்டின் போருக்கோ மிகத் தெளிவான பொருள் இருந்தது: யார் இந்த நாட்டின் குடிமகன்?

உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடு அது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்ட பெலிக்ஸ் உஃபுவே-புவாஞி, நிலம் உழைப்பவனுக்கே என்ற கொள்கையுடன் வடக்கிலிருந்தும், அண்டை நாடுகளான இன்றைய புர்கினா பாசோ, மாலியிலிருந்தும் வந்தவர்களைத் தெற்கின் காடுகளில் குடியேற விட்டார். 1998 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வெளிநாட்டவர். கொக்கோ விலை சரிந்தபோது, விருந்தினர் போட்டியாளர் ஆனார்கள். உஃபுவே-புவாஞி 1993 டிசம்பர் 7 அன்று இறந்தார். அவருக்குப் பின் வந்த ஆன்றி கொனான் பெடியே ‘இவாரித்தே’ என்ற சொல்லை அரசியலாக்கினார். உண்மையான ஐவரி கோஸ்ட்காரர் யார், மேற்பூச்சுக்காரர் யார் என்று பிரிக்கும் சொல் அது. 1994 தேர்தல் சட்டம் அதிபர் வேட்பாளரின் தாய் தந்தை இருவரும் பிறப்பாலேயே அந்நாட்டவர்களாக இருக்கவேண்டும் என்றது. 1998 நிலச் சட்டம் கிராமப்புற நிலவுரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கியது. வடக்கைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் வத்தாரா 2000 தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கப்பட்டார்.

சட்டப் புத்தகத்தில் எழுதியது சாலையில் இறங்கியது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் அடையாள அட்டையில் பெயரைப் பார்ப்பார். வத்தாரா, கூலிபாலி, தூரே என்று வடக்கின் பெயராக இருந்தால் அட்டை கிழியும், அல்லது பணம் கை மாறும். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவன் அந்த நொடியில் அந்நியன். கிளர்ச்சியாளர்களின் படையில் சேர்ந்த பலருக்குத் துப்பாக்கி என்பது ஓர் அடையாள அட்டைக்கான கோரிக்கை. நடமாடும் நீதிமன்றங்கள் 2006இல் முதலில் தொடங்கியபோது அதிபரின் ஆதரவாளர்கள் அவற்றைத் தாக்கியதும், 2007 ஒப்பந்தத்தில் அவையே நடுநாயகமாக வந்ததும் இதனால்தான். இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது, சண்டை எதைப் பற்றியது என்று.

இந்த வேரைத் தெரிந்துகொண்டால்தான் அந்த உடை மாற்றும் அறையின் பொருளே புரியும். அங்கே சூழ்ந்திருந்தவர்கள் யார்? கோலோ தூரே, யாயா தூரே: சாவடியில் சந்தேகிக்கப்படும் அதே குடும்பப் பெயர், புவாக்கேயில் பிறந்த சகோதரர்கள். அதிபரின் இனத்தைச் சேர்ந்த ட்ரோக்பா. அணியின் பெரும்பகுதி, ஜான்-மார்க் கியூ 1994இல் அபிஜானின் ஆசெக் மிமோசா கழகத்தில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் சிறுவர்களாகச் சேர்ந்து ஒன்றாக உண்டு, ஒன்றாக வளர்ந்தவர்கள். ட்ரோக்பா அந்தப் பள்ளியில் படித்தவரும் அல்லர். பல பெயர்கள், பல மதங்கள், ஒரே சட்டை. இவாரித்தேக்கு அதைவிட வலுவான மறுப்பு அப்போது அந்த நாட்டில் இல்லை. பேச்சின் ஆற்றல் ஒருவருடைய நாவில் இருந்ததைவிட அந்த வட்டத்தில் நின்றவர்களின் பெயர்களில் அதிகம் இருந்தது. கதை வட்டத்தை அழித்துவிட்டு ஒரு முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

அடையாளத்துக்கு ஆற்றல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அமைதியை வேண்டுவது துரோகம் அல்ல என்று சொல்ல அஞ்சியவர்களுக்கு அந்தப் பேச்சு ஒரு மறைப்பும் துணிவும் தந்தது. இரு பக்கமும் ஒரே வெற்றிக்காகத் தெருவில் ஆடின. அது சிறிய செயல் அல்ல. ஆனால் அடையாளம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. இதே அணியைத்தான் 2000 ஜனவரியில், ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியதற்காக, ரொபேர் கெய்யின் ராணுவ ஆட்சி நாடு திரும்பியதும் முகாமில் நாட்கணக்கில் அடைத்து வைத்தது. அந்நாட்டில் கால்பந்து அதிகாரத்துக்கு மேலே மிதந்ததில்லை. அதிகாரம் அதை எடுத்துக்கொண்டது, தண்டித்தது, தேவைப்பட்டபோது கட்டியணைத்தது.

6. ட்ரோக்பாவுக்கே இழைக்கப்படும் அநீதி

அவரைப் பெரிதாக்குவதாக நினைத்துக் கதை அவரைச் சுருக்குகிறது. 1978 மார்ச் 11 அன்று அபிஜானில் பிறந்த அவர், ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொழில்முறைக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த சித்தப்பா மிஷேல் கோபாவிடம் வளர. வீட்டு ஏக்கம் தாங்காமல் திரும்பினார். பிறகு பெற்றோர் வேலையிழந்ததால் மறுபடியும் பிரான்ஸ். சித்தப்பாவின் கழகம் மாற மாற ஊர் மாறியது, பள்ளி மாறியது. பதின்ம வயதில் பாரிசின் புறநகரில் குடும்பத்தோடு நெருக்கடியான சிறு வீட்டில். லெவால்வா என்ற சிறு கழகத்தில் ஆடினார். ல மான் கழகத்தில் காயங்களோடு போராடி, முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைப் பெற்றபோது வயது 21. பெரிய வீரர்கள் பலர் அந்த வயதில் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

2002 ஜனவரியில் கேங்காம் கழகம் அவரை மிகச் சிறிய தொகைக்கு வாங்கியது. அடுத்த பருவத்தில் 17 லீக் கோல்கள். 2003இல் மார்சே, அங்கே 19 லீக் கோல்கள், பிரான்சின் சிறந்த வீரர் விருது, யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் வாலென்சியாவிடம் தோல்வி. 2004 ஜூலையில் செல்சீ அவருக்காக 2.4 கோடி பவுண்டு கொடுத்தது. இரண்டரை ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம். செல்சீயில் 381 ஆட்டங்களில் 164 கோல்கள், நான்கு லீக் பட்டங்கள், நான்கு எஃப்ஏ கோப்பைகள். நாட்டுக்காக 105 ஆட்டங்களில் 65 கோல்கள். அது இன்றும் அந்நாட்டின் சாதனை.

இந்த வாழ்க்கையில் ஆழமான பகுதி தோல்விகள். 2006 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில், கெய்ரோவில், எகிப்துக்கு எதிரான பெனால்டி சுற்றில் அவர் தவறவிட்டார். 2008இல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார், செல்சீ தோற்றது. 2012 பிப்ரவரியில் ஜாம்பியாவுக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் ஆட்ட நேரத்தில் கிடைத்த பெனால்டியை மேலே அடித்தார். மீண்டும் பெனால்டி சுற்றில் தோல்வி. மூன்று மாதம் கழித்து, மே 19 அன்று மியூனிக்கில், பயர்ன் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியின் 88ஆம் நிமிடத்தில் மூலை உதையைத் தலையால் முட்டிச் சமன்செய்தார். கடைசிப் பெனால்டியையும் அவரே அடித்துக் கோப்பையை வென்று தந்தார். ஆப்பிரிக்கக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. 2014இல் அவர் நாட்டு அணியிலிருந்து விலகிய மறுஆண்டே ஐவரி கோஸ்ட் அதை வென்றது. பெனால்டி தவறிய இரவுகளுக்குப் பிறகும் அந்தப் புள்ளியில் பந்தை வைக்கப் போன மனிதரைச் சொல்லாமல், ஒரு நிமிடத்தில் அற்புதம் செய்தவரைச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அற்புதம் என்ற சுமை அவர் உண்மையாகச் செய்த பொதுப்பணியையும் மூடிவிடுகிறது. 2007இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதரானார். அதே ஆண்டு தன் பெயரில் அறக்கட்டளை நிறுவினார். 2022இல் நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்கு நின்று முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஆடுகளத்தையே ஆளும் ஓர் அமைப்பில், கழகங்களின் வாக்கைத் திரட்ட அவருக்குக் கூட்டணி போதவில்லை. ஆயுதமேந்திய தளபதிகளை அவர் ஒரு சொல்லால் கலைத்தார் என்று சொல்கிறவர்கள் இந்தத் தோல்வியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கதை மறந்துபோன பணி 2011இல் தொடங்கியது. தேர்தலுக்குப் பிந்தைய கொலைகளை விசாரித்து மக்களைச் சேர்த்துவைக்க, உரையாடல், உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் முன்னாள் பிரதமர் பன்னி. பதினோரு உறுப்பினர்களில் வெளிநாடுகளில் வாழும் ஐவரி கோஸ்ட்காரர்களின் பிரதிநிதியாக ட்ரோக்பா அமர்ந்தார். அங்கே மண்டியிடக் கேமரா இல்லை; பாதிக்கப்பட்டவர்கள் ஊர் ஊராக வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள், பல்லாயிரம் பேர். அறிக்கை 2014 டிசம்பரில் அதிபரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2016 வரை அது மக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை.